லினக்ஸில் ஷேர்டு மெமரி அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுக்கிறது. கண்டெய்னருக்குள் குரோம் அடிக்கடி விழுகிறது. வட்டில் இடம் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் இடமில்லை என்று பிழை வருகிறது. மூன்றுக்கும் காரணம் ஷேர்டு மெமரியாக இருக்கலாம். சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான். 'ஷெம்' என்று வரும் இடமெல்லாம் எஸ், எச், எம் என்ற மூன்று எழுத்து.

கேள்வி: ஷேர்டு மெமரி என்பது என்ன?

ஒவ்வொரு புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், தனி நினைவக வெளி உண்டு. பக்கத்து புராசஸ் அதை எட்டிப் பார்க்கக் கூடாது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. ஆனால் ஒரே தரவை நூறு புராசஸ் படிக்க வேண்டுமென்றால் நூறு நகல் வைப்பது வீண். அதனால் ரேமில் ஒரு பகுதியைப் பொதுத் திண்ணை மாதிரி ஒதுக்கித் தரும்படி கெர்னலைக் கேட்கலாம். அனுமதி உள்ளவர்கள் எல்லாரும் அதைத் தங்கள் வெளியோடு இணைத்துக்கொள்வார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகலெடுக்காமலே படிக்கலாம். பைப், சாக்கெட் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் கெர்னலுக்குள் போய் வர வேண்டும். இங்கே அந்த அலைச்சல் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதாமல் பார்த்துக்கொள்வது மட்டும் புரோகிராமின் பொறுப்பு. செமஃபோர், பூட்டு எல்லாம் அதற்குத்தான்.

கேள்வி: லினக்ஸில் ஒரே ஒரு வகை ஷேர்டு மெமரிதானே?

இல்லை, மூன்று. தப்பான திருகைத் திருகுகிற வேலை பெரும்பாலும் இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் நடக்கிறது.

முதலாவது பழைய சிஸ்டம் ஃபைவ் வகை. ஷெம்கெட் என்ற அழைப்பில் உருவாகும், ஷெம்அட் அழைப்பில் இணையும். ஷெம்மேக்ஸ், ஷெம்ஆல் போன்ற கெர்னல் அமைப்புகள் கட்டுப்படுத்துவது இதை மட்டுமே. இரண்டாவது போசிக்ஸ் வகை. இதில் ஒவ்வொரு பகுதியும் /டெவ்/ஷெம் அடைவில் ஒரு கோப்பாகத் தெரியும். அதன் எல்லை, அந்த அடைவில் ஏற்றியிருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் என்ற, ரேமில் இயங்கும் கோப்பு முறைமையின் அளவு. மூன்றாவது எம்மேப் என்ற அழைப்பு வழியாகப் பெயரே இல்லாமல் எடுப்பது. தாய் புராசஸும் அதிலிருந்து ஃபோர்க் ஆன பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வார்கள். முதல் இரண்டின் எல்லைகளும் இதைத் தொடாது.

/டெவ்/ஷெம் அளவைக் கூட்டினால் சிஸ்டம் ஃபைவ் பகுதிக்கு ஒரு பைட்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அதற்கென்று கெர்னல் உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத தனி டிஎம்பிஎஃப்எஸ் வைத்திருக்கிறது.

கேள்வி: என் புரோகிராம் எந்த வகையைப் பயன்படுத்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். /ப்ராக் அடைவுக்குள் அந்த புராசஸின் எண்ணில் ஒரு அடைவு இருக்கும். அதில் மேப்ஸ் என்ற கோப்பைத் திறங்கள். வரியின் கடைசியில் 'சிஸ்வி' என்று தொடங்கி ஒட்டினாற்போல ஒரு எண் இருந்தால் சிஸ்டம் ஃபைவ். /டெவ்/ஷெம் என்று தொடங்கும் பெயர் இருந்தால் போசிக்ஸ். /டெவ்/ஜீரோ என்று போட்டு, பக்கத்தில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தால் பெயரில்லாத எம்மேப். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கெர்னல் அமைப்பில் கை வைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

கேள்வி: ஷெம்மேக்ஸ், ஷெம்ஆல், ஷெம்எம்என்ஐ: எது எதற்கு?

ஷெம்மேக்ஸ் என்பது ஒரே ஒரு பகுதி அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது. பைட்டில் சொல்ல வேண்டும்.

ஷெம்ஆல் என்பது எல்லாப் பகுதிகளும் சேர்ந்து எவ்வளவு. இதைப் பைட்டில் அல்ல, பக்கக் கணக்கில் (பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு) சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 8 ஜிபி என்று சொல்ல நினைத்து 8589934592 என்று எழுதினால், 4096 பைட் பக்கம் உள்ள கணினியில் அது 32 டெராபைட் ஆகிவிடும். சரியான எண் 2097152. பக்க அளவும் எல்லா இடத்திலும் 4096 இல்லை; 64 கிபி பக்கத்தில் ஓடும் ஏஆர்எம் கெர்னல்கள் உண்டு. கெட்கான்ஃப் கட்டளையிடம் கேட்டுவிட்டு வகுப்பது நல்லது.

ஷெம்எம்என்ஐ என்பது மொத்தம் எத்தனை பகுதிகள் என்ற எண்ணிக்கை. இயல்பாக 4096. இதை மாற்ற வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை.

பைட்டா பக்கமா என்ற குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6-உடன் வந்த, கெர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் ஷெம்ஆல் 4294967296 என்று இருந்தது. அதாவது 16 டெராபைட். மேலே இருந்த விளக்க வரியோ 'பகுதிகளின் அதிகபட்ச எண்ணிக்கை, பக்கக் கணக்கில்' என்றது. எண்ணிக்கை எப்படிப் பக்கக் கணக்கில் வரும்? எழுதியவருக்கே குழப்பம்தான்.

கேள்வி: ரேமில் பாதியை ஷெம்மேக்ஸுக்குக் கொடு என்று ஒரு நிறுவல் வழிகாட்டி சொல்கிறது. செய்யலாமா?

முதலில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். பழைய கெர்னல்களில் ஷெம்மேக்ஸின் இயல்பு மதிப்பு 33554432, அதாவது வெறும் 32 எம்பி. அந்தக் காலத்தில் எந்த டேட்டாபேஸை நிறுவினாலும் முதல் வேலை இதைக் கூட்டுவதுதான். வழிகாட்டிகள் எல்லாம் அப்படி எழுதப்பட்டவை. 2014-இல் வந்த 3.16 கெர்னலில் இந்த எல்லையைக் கிட்டத்தட்ட எடுத்தேவிட்டார்கள். இப்போது 64 பிட் கணினியில் பார்த்தால் 18446744073692774399 என்று ஒரு ராட்சத எண் இருக்கும்.

பார்த்ததும் ஏதோ பழுது என்று தோன்றும். பழுது இல்லை. 64 பிட்டில் வரும் மிகப் பெரிய எண்ணிலிருந்து 2-இன் 24-ஆவது அடுக்கைக் கழித்தால் இது வரும். ஏன் கழித்தார்கள்? 'இப்போதுள்ள மதிப்பை எடு, கொஞ்சம் கூட்டு, திரும்ப எழுது' என்று செய்யும் பழைய ஸ்கிரிப்டுகள் ஏராளம். உச்ச எண்ணையே வைத்திருந்தால் கூட்டியதும் அது சுற்றி வந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்.

ஆக, புதிய கெர்னலில் பழைய வழிகாட்டியின்படி எண்ணை எழுதினால் எல்லையைக் கூட்டவில்லை, குறைக்கிறீர்கள். இன்று வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து ரேமைக் கூட்டி, டேட்டாபேஸின் பங்கையும் கூட்டும்போது அந்த வரி குறுக்கே நிற்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நிறுவனத்தின் ஆதரவு ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கட்டாயமாக்கினால் ஒழிய, அந்த வரியை எழுதாதீர்கள் என்பதே என் பதில்.

கேள்வி: வட்டில் இடம் இருக்கிறது. ஆனால் 'சாதனத்தில் இடமில்லை' என்று பிழை வருகிறதே?

இந்தப் பிழை என்னுடைய ஒரு ராத்திரியைத் தின்றது. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், டேட்டாபேஸை மறுதொடக்கம் செய்தபோது இதே செய்தி. நான் உடனே டிஎஃப் அடித்துப் பார்த்தேன். வட்டில் 40 விழுக்காடு காலி. ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்குமோ என்று பார்த்தேன். அதுவும் நிறைய இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் பழைய லாக் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினேன். பிழைச் செய்தியை முழுக்க வாசித்திருந்தால் அடுத்த வரியிலேயே ஷெம்கெட் என்று இருந்ததைக் கண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். ஷெம்ஆல் அல்லது ஷெம்எம்என்ஐ எல்லையைத் தாண்டினால், ஷெம்கெட் அழைப்பு வட்டு நிரம்பும்போது வரும் அதே பிழை எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. எண் ஒன்று என்பதால் மனிதருக்குக் காட்டும் வாசகமும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதற்காகவே பிழைக்குக் கீழே, இது வட்டு நிரம்பியதைக் குறிக்கவில்லை என்று தனியாக ஒரு குறிப்புப் போடுகிறது. ஷெம்மேக்ஸைத் தாண்டினால் வேறு செய்தி: 'தவறான அளவுரு'. இடமில்லை என்றால் மொத்த எல்லை, தவறான அளவுரு என்றால் பெரும்பாலும் தனிப் பகுதியின் எல்லை என்று வைத்துக்கொண்டால் தேடும் இடம் பாதியாகும்.

அன்று உண்மையில் நடந்தது, முந்தைய தடவை செத்துப்போன புராசஸ்கள் விட்டுச்சென்ற பகுதிகள் ஷெம்ஆல் கணக்கை நிரப்பியிருந்தன.

கேள்வி: புராசஸ் செத்தால் அதன் ஷேர்டு மெமரியும் போய்விடாதா?

சிஸ்டம் ஃபைவ் வகையில் போகாது. யாராவது அழிக்கும் வரை, இல்லையென்றால் கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அங்கேயே கிடக்கும். போசிக்ஸ் வகையும் அப்படித்தான், கோப்பு /டெவ்/ஷெம் அடைவில் தங்கிவிடும். பைத்தான் 3.8-இல் வந்த ஷேர்டு மெமரி தொகுதியைப் பயன்படுத்துபவர்கள் அங்கே 'பிஎஸ்எம்' என்று தொடங்கும் கோப்புகளைப் பார்த்திருக்கலாம். அன்லிங்க் செய்ய மறந்த புரோகிராம்கள் போட்ட குப்பை அது. பெயரில்லாத எம்மேப் மட்டும்தான் கடைசி புராசஸோடு தானாகப் போய்விடும்.

சிஸ்டம் ஃபைவ் குப்பையைப் பார்க்க ஐபிசிஎஸ் கட்டளையை 'எம்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். என்அட்ச் என்ற பத்தி எத்தனை புராசஸ் இணைந்திருக்கிறது என்று சொல்லும். அது பூஜ்யமாக இருந்தால் அனாதை என்று சந்தேகிக்கலாம், ஆனால் சந்தேகம் மட்டும்தான். அப்புறம் 'எம்', 'பி' இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுத்து, உருவாக்கிய புராசஸ் எண்ணைப் பார்த்து, அது உயிரோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஐபிசிஆர்எம் கொண்டு அழிக்கலாம். ஆரக்கிள் டேட்டாபேஸ் இருந்தால் அது தரும் சிஸ்ரெஸ்வி என்ற கருவி, பகுதி எந்த இன்ஸ்டன்ஸுடையது என்று சொல்லிவிடும்.

தவறிப்போய் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அழித்துவிட்டால்? ஏற்கெனவே இணைந்தவர்கள் பிரியும் வரை நினைவகம் நிற்கும். நிலை பத்தியில் 'டெஸ்ட்' என்று காட்டும். ஆனால் அதன் சாவி எண் பூஜ்யமாகிவிடுவதால் புதிதாக வருபவர்கள் பழைய சாவியை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதாவது பழைய இணைப்புகள் ஓடும், புதிய இணைப்புகள் விழும். தேட ரொம்பவே கஷ்டமான பழுது.

கேள்வி: மாற்றிய மதிப்பு ரீபூட் ஆனதும் போய்விடுகிறது. நிரந்தரமாக்குவது எப்படி?

சிஸ்சிடிஎல் கட்டளையை 'டபிள்யூ' விருப்பத்தோடு கொடுப்பது அப்போதைக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் /எட்சி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 'கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஏன் எழுதினோம் என்று மேலே ஒரு விளக்க வரியும் போடுங்கள், அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார். எழுதிய பிறகு சிஸ்சிடிஎல் கட்டளையை 'சிஸ்டம்' விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாக் கோப்புகளும் படிக்கப்படும். பழக்கதோஷத்தில் வெறும் 'பி' விருப்பம் கொடுத்தால் பழைய ஒற்றைக் கோப்பு மட்டும்தான் படிக்கப்படும்.

கேள்வி: மாற்றிய பிறகு கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். புதிதாக உருவாகும் பகுதிகளுக்கு உடனே பொருந்தும், இருப்பவை அப்படியே இருக்கும்.

கேள்வி: /டெவ்/ஷெம் அடைவு ரேமில் பாதி என்று காட்டுகிறது. பாதி ரேம் வீணாகிறதா?

இல்லை. அது உச்சவரம்பு மட்டுமே, கோப்பு எழுதினால்தான் ரேம் செலவாகும். அளவை மாற்ற, ரீமவுன்ட் விருப்பத்தோடு புது அளவைக் கொடுத்து மவுன்ட் கட்டளையை ஓட்டலாம். நிரந்தரமாக்க எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. ஆனால் ரேமையும் ஸ்வாப்பையும் மீறும் அளவைக் கொடுக்காதீர்கள். அங்கே நிரம்பிக் கிடக்கும் கோப்பு எந்தப் புராசஸுக்கும் சொந்தமில்லை. நினைவகம் தீர்ந்து கெர்னல் புராசஸ்களைக் கொல்ல ஆரம்பித்தாலும் அந்த இடம் விடுபடாது. கணினி அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: சர்வரில் 64 ஜிபி ரேம் இருந்தும் டாக்கரில் மட்டும் விழுகிறதே?

டாக்கர் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனியாக ஒரு /டெவ்/ஷெம் கொடுக்கிறது. அதன் இயல்பு அளவு 64 எம்பி. சர்வரில் எவ்வளவு ரேம் இருந்தாலும் இதுதான். திரையில்லாமல் ஓடும் (ஹெட்லெஸ்) குரோம் கொஞ்சம் கனமான பக்கத்தைத் திறந்தால் இதைத் தின்றுவிடும். இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச்சில், தரவை ஏற்றும் டேட்டாலோடருக்கு நான்கைந்து வொர்க்கர் கொடுத்தால் பஸ் எரர் என்று சொல்லிச் சாகும். போஸ்ட்கிரெஸ் ஒரே வினவலைப் பல புராசஸ்களுக்குப் பிரித்து ஓட்டும்போது ஷேர்டு மெமரிப் பகுதியின் அளவை மாற்ற முடியவில்லை, இடமில்லை என்று புலம்பும்.

கண்டெய்னரைத் தொடங்கும்போது 'ஷெம்-சைஸ்' விருப்பத்தில் 1 ஜிபி என்று கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கம்போஸ் கோப்பிலும் இதே பெயரில் ஒரு வரி உண்டு, நடுவில் ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு. குபர்னெட்டிஸில் நேரடியான விருப்பம் கிடையாது. நினைவக வகை எம்ப்டிடிர் (தற்காலிக அடைவு) ஒன்றை /டெவ்/ஷெம் மேல் ஏற்றுவார்கள். 'ஐபிசி ஹோஸ்ட்' என்று கொடுத்து மொத்தத்தையும் திறந்துவிடுகிற குறுக்குவழியும் உண்டு. வேலை நடக்கும், ஆனால் கண்டெய்னருக்கு இருந்த ஒரு சுவரை இடித்துவிட்டோம் என்பது நினைவிருக்கட்டும்.

ஷெம்மேக்ஸ், ஷெம்ஆல் இரண்டும் ஐபிசி நேம்ஸ்பேஸ் (ஷேர்டு மெமரி போன்றவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கும் வெளி) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஹோஸ்டில் மாற்றிவிட்டு, தனி நேம்ஸ்பேஸில் ஓடும் கண்டெய்னருக்குள் எதிர்பார்த்தால் கிடைக்காது.

கேள்வி: நான் லாக்அவுட் செய்ததும் டேட்டாபேஸ் விழுகிறது. பேய் வேலையா?

லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் வேலை. அதில் பயனர் அமர்வுகளைப் பார்த்துக்கொள்ளும் லாகின்டியின் அமைப்பில் ரிமூவ்ஐபிசி என்று ஒரு வரி உண்டு. அது 'யெஸ்' என்று இருந்தால், ஒரு பயனரின் கடைசி அமர்வு முடிந்ததும் அவர் பெயரிலுள்ள ஷேர்டு மெமரி, செமஃபோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். சிஸ்டம் பயனர்களுக்கு இதிலிருந்து விலக்கு. பேக்கேஜ் வழியாக நிறுவினால் டேட்டாபேஸுக்கு சிஸ்டம் பயனர் உருவாகும், பிரச்சினை இல்லை. கையால் சாதாரணப் பயனரை உருவாக்கி நிறுவியவர்கள்தான் மாட்டுவார்கள். அந்த வரியை 'நோ' என்று மாற்றிவிட்டு லாகின்டியை மறுதொடக்கம் செய்யுங்கள், இல்லையென்றால் பயனரை சிஸ்டம் பயனராக்குங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸுக்கு இன்னும் ஷெம்மேக்ஸ் தேவையா?

2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து தேவையில்லை. அதுவரை ஷேர்டு பஃபர்ஸ் என்ற அதன் பொதுத் தரவு நினைவகம் முழுவதும் சிஸ்டம் ஃபைவ் பகுதியில் இருந்தது. பிறகு எம்மேப்புக்கு மாற்றினார்கள். ஐபிசிஎஸ் போட்டால் இன்னும் சில பத்து பைட்டில் ஒரு குட்டிப் பகுதி தெரியும். ஒரே தரவு அடைவில் இரண்டு சர்வர் ஏறிவிடாமல் பார்க்கும் காவல்காரன் அது, அழிக்காதீர்கள்.

கேள்வி: ஹியூஜ் பேஜ் போட்டால் உண்மையிலேயே பலன் உண்டா?

ஹியூஜ் பேஜ் என்பது வழக்கத்தை விடப் பெரிய நினைவகப் பக்கம். பெரிய ஷேர்டு மெமரி, நிறைய இணைப்புகள் என்றால் பலன் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 ஜிபி பகுதி, 4 கிபி பக்கம் என்றால் 20,97,152 பக்கங்கள். எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு. ஆக ஒரு புராசஸுக்கு 16 எம்பி. பகுதி பொதுவானது, ஆனால் அட்டவணை பொதுவல்ல, ஒவ்வொரு புராசஸும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளும். 300 இணைப்புகள் முழுப் பகுதியையும் தொட்டுவிட்டால் அட்டவணைகளுக்கே 4.7 ஜிபி போய்விடும். மெம்இன்ஃபோ கோப்பில் பேஜ்டேபிள்ஸ் வரியைப் பார்த்தால் உங்கள் சர்வரின் நிலை தெரியும். 2 எம்பி பக்கமாக்கினால் 4,096 பதிவுகள், புராசஸுக்கு 32 கிபி.

விஎம் பிரிவில் என்ஆர்-ஹியூஜ்பேஜஸ் என்ற அமைப்பில் எண்ணிக்கையைக் கொடுங்கள். கணினி எழுந்த உடனே ஒதுக்குவது நல்லது. பல நாள் ஓடிய கணினியில் நினைவகம் துண்டு துண்டாகிவிடுவதால் கேட்ட அளவு கிடைக்காமல் போகலாம். எண்ணிக்கையைக் கணக்கிட போஸ்ட்கிரெஸ் 15-இல் தனி அளவுருவே இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ஒதுக்கிய ஹியூஜ் பேஜை வேறு யாரும் சாதாரண நினைவகமாக எடுத்துக்கொள்ள முடியாது. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பு 'ட்ரை': ஒரு பக்கம் குறைந்தாலும் சத்தமில்லாமல் சாதாரணப் பக்கத்துக்குப் போய்விடும். அப்போது ஒதுக்கிய 8 ஜிபி சும்மா கிடக்க, டேட்டாபேஸ் இன்னொரு 8 ஜிபி எடுக்கும். அதனால் நான் எப்போதும் 'ஆன்' என்றே வைப்பேன். கிடைக்காவிட்டால் டேட்டாபேஸ் தொடங்காது. நாமும் அப்போதே கவனிப்போம். ஆரக்கிளில் மெமரி டார்கெட் முறை (நினைவகத்தை ஆரக்கிளே தானாகப் பங்கிடுவது) /டெவ்/ஷெம் வழியாக நடப்பதால் ஹியூஜ் பேஜோடு சேராது, இரண்டில் ஒன்றுதான். அந்த அடைவு சிறிதாக இருந்தால் வரும் பிழைதான் 00845.

கேள்வி: டாப் கட்டளையில் எல்லா புராசஸின் நினைவகத்தையும் கூட்டினால் ரேமை விட அதிகமாக வருகிறதே?

ஒரே திண்ணையை ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும் சேர்த்தால் அப்படித்தான் வரும். ரெஸ் பத்தியில் பகிர்ந்த பகுதியும் அடக்கம். சரியான பங்கு வேண்டுமென்றால் ஸ்மேப்ஸ் கோப்பில் பிஎஸ்எஸ் வரியைப் பாருங்கள், அதில் பகிர்ந்த பக்கத்தைப் பகிர்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள்.

கேள்வி: மேக்கில்?

மேக் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறது. ஷெம்மேக்ஸ் இயல்பாக 4 எம்பி மட்டுமே. சில மேக் பதிப்புகளில், சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதும்போது ஷேர்டு மெமரிக்கான ஐந்து அமைப்புகளையும் சேர்த்தே எழுத வேண்டும், ஒன்றை விட்டாலும் மற்றதையும் கண்டுகொள்ளாது. ஷெம்மேக்ஸ் 4096-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஷேர்டு ஜிபியு மெமரி என்று காட்டுவதும் இதுதானா?

பெயர் ஒன்று, ஆள் வேறு. அது கிராபிக்ஸ் சிப் தேவைப்பட்டால் கடன் வாங்கிக்கொள்ளக்கூடிய ரேமின் அளவு.